வயிற்றைச் சுற்றிய சூட்கேஸ் பெல்ட்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் சோற்றுக் கோப்பையில் கை வைத்தபடி இருக்க, என் மகள் ஆரணி பக்கத்தில் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கனடாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் கொழும்புக் காலி வீதியில் ஒரு வண்டில் போட்டுக் கச்சான் கடலை சுற்றி விற்கலாம். அதனால் நான் நிமிரவில்லை. நிமிராமலே வாசித்தேன். சத்திரசிகிச்சை முடிந்து முதல் இருபத்துநான்கு மணித்தியாலமும் நோயாளியோடு பொறுப்பான ஒருவர் தங்க வேண்டும். அதன்பிறகு ஆறு கிழமைக்கு நோயாளி பாரம் தூக்கக் கூடாது. வீட்டில் உதவிக்கு இருப்பவர் யார்? பெயர், உறவு, கையெழுத்து.

கோப்பையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். "என்ன வருத்தம் உனக்கு?" என்றேன்.

"வருத்தம் இல்லை அம்மா. வயிறு. செய்யப் போறன்."

"வயித்தில என்ன?"

"பிள்ளை பெத்த வயிறு. ரெண்டு பிள்ளை. பழையபடி ஆக்கப் போறன்."

ஒரு நிமிடம் நான் பயந்த பயத்துக்கு நட்ட ஈடு யார் தருவது? பிள்ளைக்குப் புற்றுநோயோ என்று நினைத்து விட்டேன். அவள் என்னடாவென்றால் கூடவே ஒரு பளபளப்பான புத்தகத்தையும் நீட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் தலை இல்லாத பெண்கள். இடப்பக்கம் தொங்கின வயிறு, வலப்பக்கம் தட்டையான வயிறு. ஆடு அடிக்கிறவன் கடையில்கூடத் தலையைத் தனியாக ஒரு பக்கத்தில் வைத்திருப்பான். இவர்கள் அதையும் வைக்கவில்லை.

"ஆருக்குக் காட்ட?" என்று கேட்டேன். "வேலைக்குப் போறாய், வாறாய். புருஷன் கம்பியூட்டருக்குள்ள தலையை விட்டுக்கொண்டு இருக்கிறான். உன்ர வயித்தை ஆர் பாக்கினம்?"

அவளுடைய ஒன்றரை வயதுச் சின்னவள் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஆரணி அவளைத் தூக்காமல், குந்தியிருந்து மடியில் ஏற்றிக்கொண்டாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

"நான் கையெழுத்து வைக்க மாட்டன்" என்றேன். "உன்னை வெட்டித் தைக்கிறதுக்கு நான் சாட்சி இல்லை."

"நீங்கள் இல்லாட்டி எனக்கு ஒருத்தரும் இல்லை அம்மா. அவருக்கு லீவு இல்லை. ஒருக்கா வந்து டொக்டரோட கதையுங்கோ. பிறகு மாட்டன் எண்டு சொல்லுங்கோ."

முன்னறையில் இருந்து என் கணவர் தொலைக்காட்சிச் செய்தியின் சத்தத்தைக் கூட்டினார். பெண்களின் வயிற்றைப் பற்றி வீட்டில் கதை நடந்தால் அவர் செய்வது அதுதான். தானாக அந்தக் கதையை எடுக்கிற நேரம் மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

2

அந்த இடம் ஸ்காபரோவில், ஒரு தமிழ் நகைக்கடைக்கும் வருமானவரி எழுதிக் கொடுக்கிற கந்தோருக்கும் நடுவில் இருந்தது. ஆஸ்பத்திரி மணம் இல்லை. ஊதுபத்தியும் இல்லாமல் சென்ட்டும் இல்லாமல் ஏதோ ஒரு பணக்கார மணம். வாசல் மேசையில் இருந்தது நம்முடைய தமிழ்ப் பிள்ளைதான். ஆனாலும் என்னைக் கண்டதும் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. நான் "யெஸ்" என்றேன். மேசைக்கு அந்தப்பக்கம் இருக்கிறவர்கள் ஆங்கிலத்தில் எதைக் கேட்டாலும் "யெஸ்" சொல்வது கொழும்பில் தூதரக வாசலில் நின்ற நாட்களில் எனக்குப் பிடித்த வியாதி. அடுத்த நிமிடம் என் கையில் ஒரு நீல அங்கியும் ஒரு இலக்கமும். உடுப்பை மாற்றிக்கொண்டு படம் எடுக்கிற அறைக்குப் போகட்டாம். ஆரணி ஓடி வந்து பறித்திராவிட்டால் அந்தப் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் இடப்பக்கத்துப் படமாக நானும் தலையில்லாமல் நின்றிருப்பேன்.

பிறகு அந்தப் பிள்ளை தமிழுக்கு இறங்கி வந்து, ஒரு மட்டையை விரித்து வைத்து விளங்கப்படுத்தியது.

"அன்ரி, இதில கன விதம் இருக்கு. முதலாவது, தொங்கிற தோலை வெட்டி எடுத்திட்டு இழுத்துத் தைக்கிறது. ஒரு இடுப்பில இருந்து மற்ற இடுப்பு மட்டும் ஒரு கோடு வரும். உள்ளாடைக்குள்ள மறைஞ்சிடும். கொப்பூழையும் புதுசா வைப்பம்."

கொப்பூழ் என்ன, சட்டைப் பொத்தானா, கழற்றி வேறு இடத்தில் தைக்க?

"ரெண்டாவது, கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறது. சின்ன ஓட்டைதான் போடுவம். ஆனா தோல் தொங்கிறது அதால போகாது." பெற்றோல் தட்டுப்பாட்டு நாட்களில் வான் வண்டியில் இருந்து குழாய் வைத்து உறிஞ்சுவார்களே, அதே வேலை. "மூண்டாவது மார்பு. பால் குடுத்து இறங்கினதைத் தூக்கி வைக்கலாம். வேணுமெண்டா உள்ளுக்குப் பை வைக்கலாம். எல்லாத்தையும் ஒரே நாளில சேர்த்துச் செய்தா அதுக்கு மம்மி மேக்கோவர் எண்டு பேர். கனபேர் அதைத்தான் எடுக்கினம்."

எடுப்பார்கள்தான். புரியாணி வாங்கப் போனவனுக்கு வட்டிலப்ப இனிப்பையும் தலையில் கட்டிவிடுகிற வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடை முதலாளியும் இதே சிரிப்பைத்தான் சிரிப்பார்.

இதை இலங்கையில் இருந்து வாசிக்கிறவர்கள், வெளிநாட்டில் நம்மவர் கெட்டுப்போய்விட்டார்கள் என்று ஆறுதல்பட வேண்டாம். கொழும்பிலும் இது வந்துவிட்டதாம். நுகேகொடைப் பக்கத்தில் ஒரு இடத்தில் என் தங்கையின் மச்சாள் செய்துவிட்டு வந்து, கதிர்காம யாத்திரை போய் வந்ததுபோல வீடு வீடாகச் சொல்லித் திரிகிறாளாம்.

கடைசியாக அந்தப் பிள்ளை மேசை லாச்சியைத் திறந்து ஒரு பெல்ட்டை எடுத்து மேசையில் வைத்தது. ஒரு சாண் அகலம், தடித்த றப்பர் துணி, முன்பக்கம் கொளுக்கி. "வெட்டினதுக்குப் பிறகு இதை ஆறு கிழமைக்கு இரவு பகலாக் கட்டியிருக்க வேணும் அன்ரி. குளிக்கேக்க மட்டும் கழட்டலாம்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வெட்டி, உறிஞ்சி, கொப்பூழை இடம் மாற்றி, இவ்வளவு திறமும் காட்டிவிட்டு, கடைசியில் இவர்களும், ஊரில் பிள்ளை பெற்றவளுக்குத் துணி சுற்றுவதுபோல, வயிற்றைக் கட்டத்தான் போகிறார்கள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை குறைந்துவிட்டது. டொக்டர் கூப்பிடும் வரை இருக்கச் சொன்னது. இருந்தோம்.

3

நான் ஆரணியைப் பெற்றது கொழும்பில், சண்டை நடந்த காலத்தில். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்த லொட்ஜில், விசாவுக்குக் காத்திருந்தபோது. இவர் கனடாவில் இருந்து வந்து, தாலி கட்டி, ஆறு கிழமை இருந்துவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டார். ஸ்பொன்சர் அலுவல் தொடங்கியது. என் வயிறும் தொடங்கியது. இரண்டில் வயிறுதான் கெதியாக வளர்ந்தது.

அந்த லொட்ஜில் பதினான்கு அறை. பதினான்கிலும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் வன்னியில் இருந்தும் வந்து வெளிநாடு போகக் காத்திருந்த நம்மவர்கள். பொலிஸ் பதிவுத் துண்டில் கொழும்பில் நிற்பதற்குக் காரணம் எழுத வேண்டும். எல்லோரும் "வெளிநாடு செல்ல" என்றே எழுதியிருந்தோம். சிலர் அப்படி எழுதி நான்கு வருடம் ஆகியிருந்தது. விசா வந்ததோ இல்லையோ, ஒவ்வொரு அறையிலும் சூட்கேஸ் வந்துவிட்டிருந்தது. சூட்கேஸைச் சுற்றிக் கட்ட ஒரு நாடாப் பெல்ட்டும், இரும்புக் கொளுக்கியோடு. பச்சை, சிவப்பு, மஞ்சள். விமான நிலையத்தில் பெட்டி மாறிப்போகக் கூடாதாம். போகாத பயணத்துக்கு என்ன கவனம்.

பிள்ளை பிறந்து பத்தாம் நாள் இவரிடம் இருந்து கடிதம் வந்தது. முதல் பக்கம் பிள்ளை யாரைப் போல என்று. இரண்டாம் பக்கம் இப்படி இருந்தது: "பிள்ளை பெத்த உடம்பைக் கவனமாய்ப் பாரும். வயிறு கட்டும். இங்க ஆக்கள் ஒரு மாதிரிப் பார்ப்பினம். நான் இங்க எல்லாருக்கும் கல்யாணப் படம்தான் காட்டி வச்சிருக்கிறன்." இருபத்திரண்டு வயது எனக்கு. அந்தக் கடிதத்தைக் கிழித்துக் கடலில் போடுகிற புத்தி அப்போது இருக்கவில்லை. வெட்கப்பட்டேன்.

அடுத்த அறையில் பரிமளம் அக்கா இருந்தாள். ஜேர்மனியில் இருந்த புருஷனுக்காக மூன்று வருடமாகக் காத்திருந்தவள். தாய் பக்கத்தில் இல்லாத எனக்குப் பத்தியச் சரக்கு அரைத்து, மண்ணெண்ணெய் அடுப்பில் சின்ன மீன் காய்ச்சித் தந்தவள் அவள்தான். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் தனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றும் இல்லை என்ற அவளுடைய நினைப்பு இருக்கிறதே, அதற்கு ஒரு லொட்ஜ் போதாது. இவர் விட்டுப்போன எட்டு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்து, என்னைச் சுவரோடு நிறுத்தி, தன் முழங்காலை என் இடுப்பில் முட்டுக்கொடுத்து, ஒன்பது சுற்றுச் சுற்றுவாள்.

"நாப்பத்தொரு நாள் கட்டினா உள்ளுக்குப் போயிடும், பிள்ளை. ஒரு நாள் விட்டாலும் விட்டதுதான்" என்பாள்.

ஆனால் கொழும்பு வேர்வைக்கு வேட்டி நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் தளர்ந்து இடுப்புக்கு இறங்கிவிடும். இருபதாம் நாள் பரிமளம் அக்காவுக்கு ஞானம் பிறந்தது. தன்னுடைய சூட்கேஸில் இருந்து சிவப்புப் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "பெட்டியை இறுக்கிற சாமான் வயித்தை இறுக்காதோ?" என்று கேட்டாள். வேட்டிக்கு மேலே பெல்ட்டைப் போட்டு இழுத்துக் கொளுக்கியைப் பூட்டினாள். எனக்கு மூச்சு முட்டியது. கண்ணாடியில் பார்த்தேன். கல்யாணப் படத்தில் இருந்த இடுப்பு தெரிந்தது. மூச்சு முட்டினால் முட்டட்டும் என்று விட்டுவிட்டேன். என்னைப்போல ஒரு மண்டூகத்தை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

4

இருபத்தாறாம் நாள் விசாவுக்கான உடல் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளை பெற்ற தீட்டுக் கழியாத துடக்கு வீட்டுக்காரி வெளியில் போகக் கூடாதுதான். ஆனால் தூதரகத்தின் கடிதத்துக்குத் துடக்குத் தெரியாது. பரிமளம் அக்காவோடு ஓட்டோவில் போனோம். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கிச் சோதித்தார்கள். பெண் பொலிஸின் கை என் சட்டைக்கு மேலே வந்து வயிற்றில் நின்றது. கட்டையாக, இறுக்கமாக, சுற்றிவர ஒரு பெல்ட். நடுவில் இரும்பு. அந்த நாட்களில் பெண்கள் எதைக் கட்டிக்கொண்டு வருவார்கள் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்களோ, அதுதான் அவளுடைய கைக்குத் தட்டுப்பட்டது.

மிச்சத்தை என் கணவர் சொல்லக் கேட்க வேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக, பிறந்தநாள் விழா, பூப்புனித நீராட்டு விழா, செத்தவீடு முடிந்து எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு, எங்கே நாலு பேர் கூடினாலும் அவர் இதைச் சொல்வார். "கொழும்பில காலி ரோட்டையே மறிச்ச வயிறு இது" என்று தொடங்குவார். விசில் அடித்தது, பஸ்கள் பின்னுக்குப் போனது, ஆமிக்காரர் குண்டுக்குப் பயந்து மண்மூட்டைக்குப் பின்னால் படுத்தது, என்னைத் தனியே நிறுத்தி நீயே அவிழ் என்று கத்தியது, நான் ஒன்பது சுற்று அவிழ்த்தது, கடைசியில் பெண் பொலிஸ் "வெறும் வயிறுதான் சேர்" என்று சிங்களத்தில் சொன்னது. அந்த வசனத்தைச் சிங்களத்திலேயே சொல்லி முடிப்பார். அவருக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். ஆட்கள் சிரிப்பார்கள். நானும் ரோல்ஸ் தட்டை நீட்டியபடி சிரிப்பேன்.

அன்றோடு நான் வயிறு கட்டவில்லை. பெல்ட்டையும் வேட்டியையும் பொலிஸார் எடுத்து வைத்துக்கொண்டார்கள். இன்னொரு வேட்டி எடுத்துக்கொண்டு வந்த பரிமளம் அக்காவை நான் கிட்ட அண்ட விடவில்லை. ஆறு மாதம் கழித்து ரொறன்ரோ விமான நிலையத்தில் இவர் பிள்ளையைப் பார்க்க முன், என் முகத்தைப் பார்க்க முன், கீழே பார்த்தார்.

"நீர் வயிறு கட்டேல்லையோ?" என்பதுதான் கனடாவில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி. குடிவரவு அதிகாரிகூட அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வருகிறான்.

என் வயிறு உள்ளே போகவே இல்லை. மாமி பார்த்தாள், இருபத்தாறு நாளோடு விட்டால் இப்படித்தான் என்றாள். மச்சாள்மாரும் அதையே சொன்னார்கள். நானும் அதையே நம்பினேன். இத்தனை வருடமும் கண்ணாடிக்கு முன்னால் சேலைக் கொய்யகத்தைச் செருகும் ஒவ்வொரு தடவையும், பெயர் தெரியாத அந்தப் பெண் பொலிஸை மனதார வைதிருக்கிறேன். அவள் அன்று வேறு யாரையாவது சோதித்திருந்தால் மிச்சப் பதினைந்து நாளையும் நான் கட்டி முடித்திருப்பேன் என்று.

5

டொக்டர் என் வயதுப் பெண். வெள்ளைக்காரி. விற்கிற சிரிப்பு இல்லாத முகம். ஆரணியைப் படுக்க வைத்து, சட்டையை உயர்த்தி, தலையை மட்டும் தூக்கச் சொன்னார். ஆரணி தூக்கினாள்.

அவளுடைய வயிற்றின் நடுவில், மேலிருந்து கீழாக, ஒரு மேடு எழும்பியது. படகைக் கவிழ்த்து வைத்ததுபோல. டொக்டர் தன் மூன்று விரலைச் சேர்த்து அந்த இடத்தில் வைத்தார். மூன்று விரலும் உள்ளே போயின. என்னைக் கூப்பிட்டு என் விரலையும் வைக்கச் சொன்னார். நான் வைத்தேன். என் பிள்ளையின் வயிற்றுக்கு நடுவில் தசை இல்லை. மெல்லிய தோல், அதற்குக் கீழே குடல் அசைகிறது.

பிள்ளை வளரும்போது வயிற்றுத் தசை இரண்டும் நடுவில் விலகுமாம். பலருக்குத் தானாகவே திரும்பச் சேருமாம். சிலருக்குச் சேராதாம். ஆரணி ஒரு வருடம் அதற்கென்று தேகப்பயிற்சி செய்து பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. அவளுக்குச் சேரவில்லை. அதனால்தான் முதுகு நோவு, அதனால்தான் சின்னவளைத் தூக்க முடிவதில்லை.

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஆருக்குக் காட்ட எண்டுதானே கேட்டனீங்கள்" என்றாள் படுத்தபடியே. பிறகு, "தோலையும் வெட்டத்தான் போறன் அம்மா. பொய் சொல்லேல்லை. வடிவா இருக்கவும் எனக்கு ஆசை இருக்கு. போன கிழமை பஸ்ஸில ஒரு ஆள் எழும்பி இடம் தந்தவர், பிள்ளை எப்ப எண்டு கேட்டு" என்றாள்.

நான் டொக்டரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றேன். ஆரணி மொழிபெயர்த்தாள். பிள்ளை பெற்ற பின் நாற்பத்தொரு நாள் துணியால் இறுக்கிக் கட்டினால் இது வராமல் இருக்குமா?

டொக்டர் கேலி செய்யவில்லை. கட்டினால் இடுப்புக்குத் தாங்கலாக இருக்கும், நடக்கச் சுகமாக இருக்கும் என்றார். ஆனால் சேரப் போகிற தசை கட்டாவிட்டாலும் சேரும், சேராதது எத்தனை நாள் கட்டினாலும் சேராது. பிறகு என்னை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, நீங்களும் படுக்கிறீர்களா என்று கேட்டார்.

இந்தத் தடவை நான் தெரிந்துதான் "யெஸ்" சொன்னேன். படுத்துத் தலையைத் தூக்கினேன். அவருடைய நான்கு விரல் உள்ளே போனது.

6

கார் நிறுத்துமிடத்தில் ஆரணி காரை எடுக்கவில்லை. கார்த் திறப்பைச் செருகாமல் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள். எனக்கோ கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. இத்தனை வருடமாக அந்தப் பெண் பொலிஸை வைதுகொண்டு இருந்திருக்கிறேன், அவள் செய்யாத குற்றத்துக்கு. செய்த குற்றத்துக்கு வையவில்லை.

"அம்மா, அப்பா சொல்லுற அந்தக் கதை. அப்ப எனக்கு இருபத்தாறு நாள் தானே?"

"ஓம்."

"அப்ப நான் எங்க இருந்தனான்? அந்தக் கதையில நான் இல்லையே."

இத்தனை விழாக்களில் இத்தனை பேர் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஒருவரும் இதைக் கேட்டதில்லை. அதற்காக எனக்கு அவர்கள் மேல் இருந்த இளக்காரம் கொஞ்சநஞ்சமல்ல.

சொன்னேன். சோதனைக்கு இறங்கியபோது கையைத் தூக்க வேண்டும் என்பதால் பிள்ளையைப் பரிமளம் அக்காவிடம் கொடுத்திருந்தேன். பெண் பொலிஸ் கத்தியதும் எல்லோரும் சிதறினார்கள். பரிமளம் அக்கா மட்டும் பிள்ளையோடு என் பக்கத்தில் விறைத்துப்போய் நின்றாள். துவக்கை நீட்டிக்கொண்டு நின்ற அதிகாரி, "லமயா காகெத?" என்று கேட்டான். பிள்ளை யாருடையது என்று.

"நான் 'மகே நெவெய்' எண்டு சொன்னன்."

ஆரணிக்குச் சிங்களம் தெரியாது. என்னைப் பார்த்தாள்.

"என்ர பிள்ளை இல்லை எண்டு."

அவர்கள் சுடப்போகிறார்கள் என்று நினைத்தேன். என்னோடு சேர்ந்த எதையும் விட்டுவைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. பரிமளம் அக்காவுக்கு அது விளங்கிவிட்டது. ஒரு சொல்லும் பேசாமல் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவுக்கு அந்தப்பக்கம் இருந்த கடைக்குள் போய்விட்டாள். லொட்ஜ் முழுக்கத் தனக்கு எல்லாம் தெரியும் என்று திரிந்தவள், அந்த ஒரு நேரத்தில் உண்மையாகவே தெரிந்து நடந்தாள்.

நான் நடுத்தெருவில் கொளுக்கியைக் கழற்ற முடியாமல் நின்றேன். கடைக்குள் இருந்து பிள்ளை அழத் தொடங்கியது. நான் திரும்பவில்லை. யாரோ ஒருத்தியின் பிள்ளை அழுவதைப்போல நின்றேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று அவிழ்த்தேன். பிள்ளை வீரிட்டு அழுதது. எனக்குப் பால் இறங்கிவிட்டது. சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்திலும் நனைந்து பரவியது. கையைத் தாழ்த்தி மறைக்கவும் முடியாது. துணி முழுவதும் விழுந்த பிறகு கிட்ட வந்த பெண் பொலிஸ் வயிற்றைப் பார்த்துவிட்டு, சட்டையைப் பார்த்தாள். பிறகு சத்தம் வந்த கடைப் பக்கம் பார்த்தாள்.

பிள்ளை இல்லாதவளுக்கு வயிற்றில் ஏன் கட்டு என்று அதிகாரி கேட்டான். அடையாள அட்டையை நீட்டினேன், பொலிஸ் பதிவை நீட்டினேன், தூதரகக் கடிதத்தை நீட்டினேன். ஒன்றையும் அவன் வாங்கவில்லை. பெண் பொலிஸ் என்னை மண்மூட்டைக் கூட்டுக்குள் கொண்டுபோய்ச் சட்டையைத் திறக்கச் சொன்னாள். மார்பை அமர்த்திக் காட்டச் சொன்னாள். காட்டினேன். பால் அவளுடைய காக்கிச் சட்டைக் கையில் பட்டது. துடைத்துக்கொண்டு வெளியே போய், "கிரி தியெனவா" என்று சொன்னாள். பால் இருக்கிறது என்று. அதை நம்பினார்கள். ஆனால் பொய் சொன்னவள் என்று பின்னேரம் வரை பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள்.

"அதுவரைக்கும் நான்?"

"பரிமளம் அக்கா சீனித் தண்ணியில துணி நனைச்சு வாயில வச்சவள்."

"நான் கனநேரம் அழுதனானா?"

"நீ களைச்சு நித்திரையாகும் மட்டும் அழுதனீ. எனக்குக் கேட்டது."

அவள் திறப்பைக் கீழே வைத்தாள். அழவில்லை. என் கையையும் பிடிக்கவில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அதெல்லாம் கெதியில் வராது. பின் இருக்கையில் கிடந்த பையை எட்டி எடுத்து, உள்ளே இருந்த படிவத்தையும் பேனையையும் என் மடியில் வைத்தாள். பெயர் எழுதினேன். உறவு என்ற இடத்தில் தாய் என்று எழுதினேன். கீழே கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்து மடித்து வைத்தாள்.

கார் பிரதான வீதிக்கு ஏறிய பிறகுதான் கேட்டாள். "இது அப்பாவுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"இவ்வளவு வருஷமா ஏன் சொல்லேல்லை?"

"அவர் வயித்தைப் பற்றி மட்டும்தான் கேட்டவர்" என்றேன்.